பெருமரக் காட்டுப் பாதை: அடிமரம் வரை ஏன் விடுவதில்லை?

கோடை விடுமுறை வந்தால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்காடுகளுக்குக் கிளம்பும் குடும்பங்கள் இப்போது அதிகம். டாப்சிலிப், பரம்பிக்குளம் போகிறவர்களும் உண்டு, வெளிநாட்டு உறவினரைப் பார்க்கப் போன கையோடு அங்குள்ள பெருங்காடுகளைப் பார்த்துவருகிறவர்களும் உண்டு. திரும்பி வந்ததும் எழும் சந்தேகங்கள் ஒரே மாதிரி. மரத்தைப் பார்க்கத்தானே போனோம், அதை ஏன் தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறார்கள்? மண்தரை இருக்கும்போது எதற்குப் பலகை மேடை? பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்கும் நேரம் பார்த்து ஏன் பாதையை மூடுகிறார்கள்? பதிவுக் கட்டணம் வசூலிக்கத்தான் இத்தனை கெடுபிடியா?

கட்டணம் தனிக்கதை. பாதையை மூடுவதற்குக் காரணம் காட்டுத்தீ, அதைப் பின்னால் பார்ப்போம். மற்றவற்றுக்கெல்லாம் விளக்கம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து இரண்டு அடி ஆழத்துக்குள் இருக்கிறது. பல நூறு ஆண்டு புயலையும் இடியையும் தாங்கி நின்ற மரத்தை, கோடாரி எடுக்காமல், கிளை ஒடிக்காமல், சும்மா சுற்றி நடந்தே சாகடிக்க முடியும். அது எப்படி நடக்கிறது என்று புரிந்தால் வேலியும் மேடையும் எதற்கு என்பது தானாகப் புரியும்.

பெருமரத்தை அளப்பது

மரத்தின் பருமனைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில் அளப்பது இந்திய வனத்துறை வழக்கம். இதற்கு மார்பளவு உயரம் என்று பெயர். அந்த உயரத்தில் நாடாவைச் சுற்றினால் கிடைப்பது சுற்றளவு. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து அளக்க வேண்டும். அடியில் பலகை வேர், அதாவது பலகை போலப் புடைத்து நிற்கும் வேர், விரிந்திருந்தால் அது முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வேரையும் சேர்த்து அளந்து, மரத்துக்கு இல்லாத பருமனைக் கணக்கில் சொல்லிவிடுவோம்.

பரம்பிக்குளத்தில் இருக்கும் கன்னிமாரா தேக்கு நம் பக்கத்தார் அதிகம் பார்த்திருக்கும் பெருமரம். காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர், விட்டம் இரண்டேகால் மீட்டரை ஒட்டி வரும். வயது 450 ஆண்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1994–95-ல் மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்கார் விருது பெற்ற மரம் இது.

வயது விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், பென்சில் பருமன் உள்ள துளைக்கருவியால் ஒரு குச்சி எடுத்து எண்ணிவிடலாம் என்பது சரிதான். ஆனால் மிக மூத்த மரங்கள் பெரும்பாலும் உள்ளே பொந்து. எண்ண வேண்டிய முதல் சில நூறு வளையங்கள் மட்கிப் போயிருக்கும். ஜப்பானின் யாக்குஷிமா தீவில் உள்ள ஜோமோன் சுகி என்ற தேவதாரு வகை மரத்துக்கு 2,000 முதல் 7,200 ஆண்டு வரை வயது சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய இடைவெளி வருவதற்குக் காரணம் இந்தப் பொந்துதான். எனவே பெருமரத்தின் பக்கத்தில் உள்ள பலகையில் வயது ஒற்றை எண்ணாக எழுதியிருந்தால் அதை மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

பொந்து விழுந்துவிட்டதால் மரம் செத்துவிட்டது என்றும் ஆகாது. நடுவில் இருக்கும் வைரம் உயிரற்ற பகுதி. அது தாங்குகட்டை மட்டுமே. உயிர் ஓடுவது பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்படையிலும், அதை ஒட்டிய வெளிறிய மரப்பகுதியிலும். பட்டையில் பெயர் செதுக்குவது ஏன் இவ்வளவு பெரிய குற்றமாகிறது என்பதற்கும் இதுவே காரணம்: கத்தி இறங்குவது நேராக உயிர்ப்படையில்.

மிஞ்சியவை ஏன் மிஞ்சின

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிற்கும் பர்மா தேக்குத் தூணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காட்டுப் பெருமரம் முதல் பார்வையில் ஏமாற்றம் தரலாம். தூண் அம்பு போல நேராக இருக்கும், காட்டில் நிற்கும் கிழமரமோ முண்டும் முடிச்சுமாக, திருகிக்கொண்டு, உச்சி முறிந்து நிற்கும். காரணம் எளிது. நேராக இருந்தவை எல்லாம் தூணாகவும் கப்பலாகவும் தண்டவாளக் கட்டையாகவும் போய்விட்டன.

யாக்குஷிமாவில் இது அப்பட்டமாகத் தெரியும். 17-ஆம் நூற்றாண்டு முதல் அங்கே தேவதாருவைப் பிளந்து கூரைப் பலகையாக்கி, வரிப்பணத்துக்குப் பதிலாகச் செலுத்தினார்கள். பிளந்தால் நேராகப் பிளக்கும் மரம் மட்டுமே அதற்கு உதவும். முறுக்கு விழுந்தவற்றைத் தொடாமல் விட்டார்கள். ஜோமோன் சுகியின் சுற்றளவு 16.4 மீட்டர், உயரமோ 25 மீட்டர்தான். வெட்டுக்கு உதவாதது, அதனால் நின்றது. வேறு சில இடங்களில் மரம் மிஞ்சியதற்கு வழிபாடு காரணம். கன்னிமாரா தேக்கைக் காட்டு மக்கள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். இன்னும் சில மரங்கள், வண்டியும் யானையும் எட்டாத செங்குத்துச் சரிவில் நின்றதால் தப்பின.

இது பாதை விஷயத்திலும் முக்கியம். மிஞ்சிய மரங்கள் வசதியான இடத்தில் நிற்பதில்லை. சரிவு, ஓடைக்கரை, மெல்லிய மண் படிந்த பாறை ஆகிய இடங்களில்தான் நிற்கின்றன. பாதை போடக் கடினமான மண், காலடிக்கு எளிதில் கெடும் மண்.

வேர் எங்கே இருக்கிறது

உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் போயிருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அது தவறு.

1. நீரும் சத்தும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் 30 முதல் 60 செ.மீ.க்குள் இருக்கிறது. அதற்கும் கீழே மூச்சுக்காற்று குறைவு, மட்கும் குறைவு.

2. வேர் பக்கவாட்டில் கிளைப்பரப்பையும் தாண்டிப் போகும். கலிபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்கள் 80 மீட்டருக்கு மேல் வளரும். ஆனால் வேர் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்தோடு நின்று, 30 மீட்டர் தூரமும் அதற்கு மேலும் பரவியிருக்கும்.

3. நுண்வேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூஞ்சை இழைகள் சருகுப் படலத்துக்கு அடியில்தான் இருக்கின்றன. சருகு தேய்ந்து மண் வெளியே தெரிந்தால் முதலில் போவது இதுதான்.

அப்படியானால் மரத்தின் எல்லை எது? கட்டுமானப் பணிகளுக்காகப் பிரிட்டனில் வகுத்த விதி ஒன்று நடைமுறைக்கு ஏற்றது: மரத்தின் விட்டத்தை 12-ஆல் பெருக்கினால் வேர்க்காப்பு வட்டத்தின் ஆரம் கிடைக்கும். வழக்கமான மரத்துக்கு இதை 15 மீட்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மிக மூத்த மரத்துக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. விட்டத்தின் 15 மடங்கு, அல்லது கிளை நுனிக்கு வெளியே 5 மீட்டர், இரண்டில் எது பெரியதோ அது. கன்னிமாரா அளவுள்ள மரத்துக்கு இந்தக் கணக்கு சுமார் 33 மீட்டர் ஆரம் காட்டும். நூறு அடிக்கு மேல். அடிமரத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று படம் எடுக்கிறவர் மரத்தைத் தொடவில்லை என்று நினைக்கிறார். அவர் நிற்பது மரத்தின் மேல்தான்.

காலடி மண்ணை என்ன செய்கிறது

நல்ல காட்டு மண்ணில் பாதிதான் மண். மீதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பாதி நீர், பாதி காற்று. மண்ணின் இறுக்கத்தை ஒரு கன செ.மீ.க்கு எத்தனை கிராம் என்று அளப்பார்கள். மிதிபடாத காட்டு மேல்மண் 1 கிராமை ஒட்டி இருக்கும், அப்போது வெற்றிடம் 60 சதவீதத்துக்கும் மேல். அதே மண் 1.6 கிராமுக்கு இறுகினால் வெற்றிடம் 40 சதவீதமாகிறது. 40-உம் கணிசம்தானே என்று தோன்றும். ஆனால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். காற்று வந்துபோவதும் மழைநீர் இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். மிஞ்சும் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்குக் கொடுக்காது. களிமண் 1.47 கிராமைத் தாண்டினாலும், மணல் 1.80-ஐத் தாண்டினாலும் வேர் நுனியால் உள்ளே நுழைய முடிவதில்லை.

மனிதக் காலடிக்கு அவ்வளவு வலு உண்டா? 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது முழு எடையும் ஒரு பாதத்தில் இறங்கும் கணம் உண்டு. அப்போது ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் அரைக் கிலோ அழுத்தம். குதிகால் ஊன்றும் நொடியில் இன்னும் கூடுதல். ஒரு காரின் சக்கரம் தருவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கார் ஒரு தடவை போகும், காலடி ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விழும். மண் ஈரமாக இருந்தால் விளைவு பல மடங்கு, ஏனென்றால் ஈரம் மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நெருங்க எண்ணெய் போல உதவுகிறது.

அதன்பின் நடப்பது சங்கிலி. மண் இறுகுகிறது, நீர் இறங்காமல் மேலோடு ஓடுகிறது, ஓடும் நீர் பாதையையே வாய்க்காலாக்கி மண்ணை அரிக்கிறது, வேர் வெளியே தெரிகிறது, தெரிந்த வேரின் தோல் செருப்பில் உரிகிறது, உரிந்த இடத்தில் அழுகல் நுழைகிறது.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் தாமதம். பெருமரத்தின் தண்டிலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்து ஏராளம். வேரில் கால்வாசி போனாலும் மரம் சில ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். பிறகு உச்சிக் கிளை காயும், இலை சிறுக்கும், பருவத்துக்கு முன்பே உதிரும். மூன்று ஆண்டோ பத்து ஆண்டோ கழித்துப் பட்டுப்போகும்போது அந்த வருஷ வறட்சிமேலோ கரையான்மேலோ பழி விழும். கரையான் வந்தது கடைசியில்.

கூட்டத்தை ஏன் ஒரே பாதையில் அடைக்கிறார்கள்

'எல்லோரும் ஒரே தடத்தில் நடந்தால்தானே கெடும், பரவலாக நடந்தால் சுமை குறையுமே' என்பது நியாயமான கேள்வி. விடை நேர்மாறாக இருக்கிறது.

மிதிபடுவதால் வரும் சேதம் சீராக ஏறுவதில்லை. முதல் சில நூறு காலடிகளில் செங்குத்தாக ஏறி, அதன்பின் கிட்டத்தட்டச் சமதளமாகிவிடும். புதுத்தரையில் செடியும் சருகும் போய் மேல்மண் இறுக அந்தச் சில நூறு போதும். அதன்பின் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் கேடு கொஞ்சம்தான். ஆக, ஆயிரம் பேர் ஒரு தடத்தில் நடந்தால் கெடுவது ஒரு தடம். நூறு நூறு பேராகப் பத்துத் தடத்தில் நடந்தால் கெடுவது பத்துத் தடம்.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி பலருக்கு உறுத்தும்: பாதையில் சேறு இருந்தால் ஒதுங்காமல் சேற்றிலேயே மிதித்துப் போக வேண்டும். ஒதுங்கி நடந்தால் ஓரம் கெடும், அடுத்தவர் இன்னும் ஒதுங்குவார், ஒரு மழைக்காலத்தில் மூன்றடிப் பாதை பத்தடியாகும். காலணி அழுக்காவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாதை போடும் விதம்

மலைப்பாதையின் முதல் பகை மழைநீர். சரிவில் நேர் கீழாக இறங்கும் பாதை இரண்டு பருவமழையில் ஓடையாகிவிடும். எனவே சரிவுக்குக் குறுக்காக, வளைந்து போக வேண்டும். சில அளவுகள்:

1. பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 30 சதவீதம் என்றால் பாதை 15-க்குள். நெடுந்தூரச் சராசரி 10 சதவீதத்தை ஒட்டி இருக்கலாம், அதாவது நூறடி நடந்தால் பத்தடி ஏற்றம்.

2. பாதையின் பள்ளத்துப் பக்க விளிம்பு மேட்டுப் பக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. போதும். நீர் பாதை நெடுக ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். நடந்து நடந்து பாதையின் நடு குழிந்தால் இந்தச் சாய்வு போய்விடும் என்பதால் ஆண்டுக்கொரு முறை விளிம்பில் சேர்ந்த மண்ணை வெட்டி எடுக்க வேண்டும்.

3. ஏறும் பாதை இடையிடையே சில அடி இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தத் தாழ்வில் நீர் வெளியேறும். குறுக்கே கட்டை பதித்துத் தடுப்பதைவிட இது மேல். கட்டைக்குப் பின்னால் வண்டல் நிரம்பிவிட்டால் நீர் அதைத் தாண்டி ஓடும், யாரும் வந்து வார மாட்டார்கள்.

4. 25 மி.மீ.க்கு மேல் பருமனுள்ள வேரை, மரமறிந்தவர் பார்க்காமல் வெட்டக் கூடாது. வேர் குறுக்கே வந்தால் பாதையை நகர்த்த வேண்டும், முடியாவிட்டால் பாதையைத் தூக்க வேண்டும்.

தூக்கிய பாதைதான் பலகை மேடை. வேர்க்காப்பு வட்டத்துக்குள் மனிதரை விட்டே ஆக வேண்டும் என்றால் இதைத் தவிர நல்ல வழி இல்லை. எடை முழுவதும் சில கால்கள் வழியாக மட்டும் இறங்கும், மீதி மண் மழையும் காற்றும் வாங்கிக்கொண்டு இருக்கும். கால் ஊன்றும் குழியைக் கையால் தோண்ட வேண்டும், இயந்திரம் கூடாது. வேர் தட்டினால் குழியை அரையடி நகர்த்த வேண்டும். அதனால்தான் நல்ல மேடைகளில் கால்களுக்கு இடையே தூரம் ஒரே சீராக இருப்பதில்லை. கான்கிரீட் ஊற்றுவதானால் குழிக்குள் முதலில் பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும், ஈரச் சிமெண்டின் காரம் வேரைச் சுட்டுவிடும். திருகாணி போலத் தரையில் முறுக்கி இறக்கும் இரும்புக் கால் இன்னும் நல்லது. பலகைகளுக்கு நடுவே ஒரு செ.மீ. இடைவெளி வேண்டும்.

மேடையின் குறை வழுக்கல். நிழலும் ஈரமும் உள்ள காட்டில் பலகைமேல் பாசி படரும். மேலே கம்பிவலை அடிப்பது மலிவான தீர்வு. அதையும் ஆணி எழும்பாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் மேடை கட்டினால் ஐந்தாறு ஆண்டில் பலகை உடையும், ஜனங்கள் இறங்கிப் பக்கத்தில் நடப்பார்கள், முன்பைவிட மோசமாகும்.

மூன்று நாடுகள், மூன்று முடிவுகள்

யாக்குஷிமா 1993-ல் உலகப் பாரம்பரியக் களமானது. கூட்டம் பெருகி, ஜோமோன் சுகியின் வேரடி மண் கரைந்தது. 1996-ல் பார்வை மேடை கட்டி, அடிமரத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். அங்கே போய்வர 22 கி.மீ., பத்து மணி நேரம். அதில் பெரும்பகுதி வெட்டுமரம் ஏற்றிய பழைய ரயிலின் தண்டவாளம்மேல். தைப்பூசத்துக்குப் பழனி வரை நடந்து பழகிய கால்களுக்கு அந்தத் தூரம் பெரிதல்ல, ஆனால் இது தார்ச்சாலை இல்லை. கடைசி இரண்டரை கி.மீ. வேரும் படியும் ஏற்றமுமாக முழங்காலைச் சோதிக்கும். மார்ச் முதல் நவம்பர் வரை பாதைத் தொடக்கத்துக்குச் சொந்த வண்டி போக முடியாது, பேருந்து மட்டும்.

கலிபோர்னியாவின் ஹைப்பீரியன் என்ற ரெட்வுட் வகை ஊசியிலை மரம் சுமார் 116 மீட்டர், உலகிலேயே உயரமானது. 2006-ல் கண்டறிந்தபோதே இடத்தைச் சொல்லாமல் வைத்தார்கள். இணையத்தில் இடம் கசிந்தது. பாதையே இல்லாத காட்டில் ஜனங்கள் தடம் போட்டார்கள், அடியில் இருந்த பெரணிச் செடிகள் அழிந்தன. 2022-ல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியை மூடி, மீறினால் ஆறு மாதம் சிறையும் 5,000 டாலர் அபராதமும் என்று அறிவித்தது. இத்தனைக்கும் அடியில் போய் நின்றால் அதன் உச்சி தெரியாது. அதே கலிபோர்னியாவில் மரிப்போசா செக்கோயாத் தோப்பை 2015-ல் மூடி, மரங்களுக்கு நடுவே இருந்த தார்த்தளத்தையும் வண்டி நிறுத்தத்தையும் பெயர்த்து எடுத்து, ஓடைகளைப் பழைய வழியில் விட்டு, 2018-ல் திறந்தார்கள். பாதையைத் திருத்தலாம் என்பதற்கு அது சாட்சி.

நியூசிலாந்தின் கவுரி மரங்களுக்கு வந்தது வேறு வகைத் தொல்லை. நம் பக்கம் பாக்குக் காய் அழுகலும் மிளகு வாடலும் உண்டாக்கும் பைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி, கவுரியின் மேலோட்டமான வேரைத் தாக்கி மரத்தைக் கொல்கிறது. அதன் வித்துகள் மண்ணில் இருக்கும், காலணிச் சேற்றில் ஒட்டி ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். தாக்கிய பின் மருந்தால் முற்றிலும் நீக்க முடிவதில்லை. எனவே பாதை தொடங்கும் இடத்தில் காலணியைத் துலக்கும் நிலையம் வைத்தார்கள், ஆக்லாந்து அருகே வைத்தாக்கெரே மலைக்காட்டை 2018-ல் மூடவும் செய்தார்கள். துலக்குவதில் வரிசை முக்கியம்: முதலில் தூரிகையால் சேற்றை முழுவதும் நீக்க வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. சேற்றின் மேல் தெளித்தால் உள்ளே இருக்கும் வித்தை அது எட்டாது.

மூடும் பருவம், பதிவு, வழிகாட்டி

தமிழ்நாட்டில் கெடுபிடி கூடியதன் பின்னணி 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசு இணையப் பதிவுக்குத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போக அனுமதி. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீ அபாயத்தால் பாதைகளை மூடிவைத்தார்கள்.

தேக்குக்காட்டில் தீப்பருவம் ஏன் கடுமை என்றால், தேக்கு இலையுதிர் மரம். தை, மாசியில் முறத்தளவு இலைகளை உதிர்த்துவிடும். நிழல் போய்விடுவதால் அடியில் புல்லும் காய்கிறது. சருகும் புல்லும் சேர்ந்த தீ, காற்றோடு மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதர் ஓடும் வேகத்தை மிஞ்சும். பள்ளி விடுமுறையின் தொடக்கம் அந்தக் காலத்தின் கடைசியோடு மோதுவது தற்செயல்தான், அதற்காகக் காடு காத்திருக்காது.

போகிறவர்களுக்கு, சுருக்கமாக: மழைக்காலத்தில் அட்டை உண்டு, முழங்கால் வரை வரும் இறுக்கமான துணியுறை போட்டுக்கொண்டால் போதும், கடித்ததை இழுக்காமல் நகத்தால் உறிஞ்சும் வாயை நெம்பி எடுக்கலாம். பலத்த காற்றில் பெருமரத்தின் அடியில் நிற்க வேண்டாம், காய்ந்த கிளை முன்னறிவிப்பில்லாமல் விழும். பரம்பிக்குளத்தில் வழிகாட்டிகள் பலர் காடர், மலசர் முதலான பழங்குடியினர். யானை நடமாட்டத்தை வாசனையிலும் ஒடிந்த மூங்கிலிலும் அறிகிறவர்கள். அவர் நில் என்றால் நிற்பதுதான் சரி, காரணம் அப்புறம் கேட்கலாம்.

இதே கணக்கு நம் ஊர் மரத்துக்கும்

செட்டிநாட்டில் மலைக்காடு இல்லை. ஊருணிக் கரையிலும் கோயில் வாசலிலும் நூறு இருநூறு ஆண்டு ஆலும் அரசும் மருதும் இருக்கின்றன. கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கும் வட்டாரம் இது, மரத்தின் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திருப்பணி என்றால் மரத்தடிவரை பேவர் பிளாக், அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் திண்டு என்று ஆகிவிட்டது. காட்டில் ஆயிரம் காலடி செய்வதை இங்கே ரோலர் ஒரே நாளில் செய்கிறது. செம்புராங்கல் மண்ணும் கிராவலும் ஈரத்தில் அழுத்தினால் காய்ந்தபின் கல்லாகும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

மரத்தடியில் நடைபாதை போட்டே ஆக வேண்டும் என்றால்:

1. முதலில் வட்டம். சுற்றளவு 10 அடி என்றால் விட்டம் சுமார் 3.2 அடி, 12-ஆல் பெருக்க 38 அடி. அந்த ஆரத்துக்குள் ஜேசிபியும் ரோலரும் வரக் கூடாது, ஜல்லி மணல் குவிக்கவும் கூடாது.

2. மண்ணைத் தோண்டாமல் அப்படியே மேலே போட வேண்டும். தரைமேல் நீர் புகவிடும் துணி விரித்து, தேன்கூட்டு வடிவப் பிளாஸ்டிக் சட்டம் வைத்து, அதில் கழுவிய முக்கால் அங்குல ஜல்லி நிரப்பலாம். கிரஷர் தூசி சேர்க்கக் கூடாது. இடுக்கை அடைத்துவிட்டால் இத்தனையும் வீண். சட்டம் கிடைக்காவிட்டால் தனித்தனிக் கருங்கல் பலகைகளை ஓர் அடி இடைவெளி விட்டுப் பரப்பலாம்.

3. அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றக் கூடாது. அரையடி மண்ணே சில மரங்களுக்குக் கேடு. வேர் விரியும் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும். திண்டு வேண்டுமென்றால் கிளை நிழலின் ஓரத்தில், தொடர் அஸ்திவாரம் இல்லாமல், நான்கு கால்மேல் கல்பலகையாக வைக்கலாம். விளக்கு ஏற்றும் மாடமும் பட்டையை ஒட்டி வேண்டாம், தினமும் படும் சூடு வளர்படையைக் கொல்லும்.

4. ஆலமரமானால் விழுது இறங்கும் இடங்களில் தளம் போடாமல் மூன்றடிச் சதுரம் மண்ணாக விட வேண்டும். இளம் விழுதை மண்ணும் எருவும் நிரப்பிய மூங்கில் குழாய்க்குள் விட்டுத் தரைவரை கொண்டுவரலாம். கிளையின் பாரத்தைப் பின்னாளில் அதுதான் தாங்கும்.

ஏற்கெனவே தளம் போட்டாகிவிட்டதென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்ப்பது ஆபத்து. கல்லுக்கு அடியில் இருக்கும் ஈரத்தைத் தேடி நுண்வேர் மேலேறி வந்திருக்கும், வெயிலில் அது கருகும். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, வடகிழக்கு மழைக்கு முன் புரட்டாசியில் எடுப்பது ஏற்றது. எடுத்த இடத்தில் கடப்பாரையால் இரண்டு அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்தில் துளை போட்டு மட்கிய எருவை நிரப்ப வேண்டும். கடப்பாரை வேரில் இடித்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். அடிமரத்திலிருந்து மூன்றடிக்குள் துளை வேண்டாம். அதன்மேல் மூன்று விரற்கடை உயரம் சருகு, பட்டையைத் தொடாமல். கோயில் கூட்டுகிறவரிடம் சொல்லிவைக்காவிட்டால் மறுநாள் காலையில் அந்தச் சருகு குப்பையோடு எரிந்துகொண்டிருக்கும். மழை பொய்த்த வருஷம் மாசி முதல் ஆடி வரை பதினைந்து நாளுக்கொரு முறை, கிளை நிழலின் ஓரத்தில், மண் ஒன்றரை அடி நனையும்படி மெதுவாக நீர் விட வேண்டும். உச்சிக் கிளை காய்வது உடனே நிற்காது. அடுத்தடுத்த துளிர்ப்பில் இலை அளவு பெரிதாகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த பங்கைப் பெயர்ப்பதா, ஒரு வருஷம் பொறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.